வாய்ச்சி தொடாத கலத்தச்சர்

நிறைபுனலும் நெல்வளமும் நீங்காத எழுகரை நாட்டை வெண்மணல் தீவினின்று புரக்கும் பெருந்தேவி நீலவல்லி, எழுகரைத் துறையில் அரசின் கலங்களைக் கட்டும் தச்சர் தலைவர் நெடுங்கீரருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையும் அதன் மக்களும் நலமுற்று வாழ்க. உமக்கும் அவ்வாழ்த்தைச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆதலின் சொல்லாது மேற்செல்கிறோம்.

எம் கல்லூரியில் கலநூல் பயிலும் மாணவர் ஓராண்டு உம் பட்டறையில் தங்கிக் கைத்தொழில் கற்றுத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே, தேக்கங்காட்டையும் நன்செய் நிலத்தையும் வரி நீக்கி இறையிலியாக உமக்கு வழங்கினோம். கற்பிப்பேன் என்று அவையறியக் கொடை உடன்படிக்கையில் இலச்சினை இட்டவர் நீர். ஆண்டு முடிந்ததும், அனைவரும் தேர்ந்த கலத்தச்சர் என்று சான்றோலையும் விடுத்தீர். யாமும் நம்பினோம்.

அண்மையில் யாம் ஏறிய படகில் நீர் கசிந்தது. உம்மிடம் பயின்று வந்த எயினி என்னும் மாணவியை அழைத்து, பலகை இடுக்கை அடைக்கப் பணித்தோம். அவள் பஞ்சையும் குங்கிலியத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எதை முதலில் இடுவது என்று அறியாமல் நின்றாள். நூலில் படித்ததுண்டு, செய்ததில்லை என்றாள். மரம் செதுக்கும் வாய்ச்சியைத் தொடவும் தங்களை விட்டதில்லை என்றும், உம் மஞ்சள் தோட்டத்தில் களை பறித்ததும் உம் மகள் திருமணத்தில் விருந்தினருக்கு விசிறி வீசியதுமே தாங்கள் பெற்ற பயிற்சி என்றும் பின்னர் அவை நடுவே தலை குனிந்து உரைத்தாள். இனி எந்தத் துறையில் தனக்கு வேலை தருவர் என்று கேட்டு அழுதாள். நெடுங்கீரரே, ஊரார் பிள்ளைகளின் ஓராண்டை விழுங்கிவிட்டு எம் கண்ணிலும் மண்ணைத் தூவினீரே, உமக்கு நெஞ்சு கூசவில்லையா? எம் காட்டுத் தேக்கு இனித்தது, எம் மாணவர் மட்டும் கசந்தனரோ?

உம்மைச் சிறையிட வேண்டும் என்றார் அமைச்சர். சிறைக்குள் இருந்துகொண்டு நீர் யாருக்குக் கற்பிப்பீர்? ஆதலின் எம் ஆணை இது. அம்மாணவர் அனைவரும் உம் பட்டறைக்கே திரும்பி வருகின்றனர். அடிமரம் முதல் பாய்மரம் வரை அவர்கள் கையாலேயே ஒரு படகு உருவாக வேண்டும். நீர் அருகிருந்து சொல்லித் தரலாம். உம் ஆட்களின் கை அதில் படலாகாது. அப்படகில் நீர் தனியே ஏறிக் கடல் கடந்து எம் அவைக்கு வந்து சேர்க. உம் மனைவி மக்களை ஏற்ற வேண்டா. அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. ஒழுங்காகக் கற்பித்திருந்தால் கால் நனையாமல் கரையேறுவீர், கொடையும் உம்மிடமே நிலைக்கும்.

நாரை இலச்சினை இட்டு, அவையறிய ஆணையிட்டோம். இவ்வோலையை உம் கையில் கொடுத்தவளே எயினி. அமர்ந்தபடியே வாங்கியிருப்பீர். இப்போது எழுந்து, அவள் கையில் வாய்ச்சியைக் கொடும்.