ஷமீமின் மெட்டுக்கு நான் எழுதிய முதல் பாட்டு

என் செல்லம் ஷமீமுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மந்தைவெளியில் மெட்ரோவுக்காக இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உன் மகள் ரிஸ்வானா ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்கில் உன்னைப் போலவே கெட்டி, தலை வாரிக்கொள்வதில் உன்னைப் போலவே சோம்பேறி. உன் வீட்டுக்காரர் யூசுப் தையல் கடைக்குப் புது போர்டு மாட்டியிருக்கிறார். இதெல்லாம் உனக்கு எட்டுமா? எட்டாது என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

உனக்கு ஒரு மன்னிப்புப் பாக்கி இருக்கிறது. ஒரு நல்ல சேதியும் இருக்கிறது.

வேலைக்காக மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறிப் பெருங்குடியில் இறங்குகிறவரை நாம் இருவரும் பாட்டு கட்டுவதை அந்தப் பெட்டியே வேடிக்கை பார்க்கும். நான் நோட்டில் எழுதியதை நீட்டுவேன். ஆற்றைத் தாண்டுவதற்குள் நீ அதற்கு ஒரு மெட்டுப் போட்டிருப்பாய். எப்போதும் வார்த்தை முதலில், மெட்டு பிறகு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

ஒருநாள் நீ கேட்டாய்: "லதாக்கா, இந்தத் தடவ மாத்திச் செய்யலாமா? நான் மொதல்ல மெட்டு போட்டுட்டேன். நீங்க அதுக்கு எழுதிப் பாருங்களேன்."

"மெட்டுக்கு வார்த்தைய அடைக்கிறது மூட்ட கட்டுற வேல ஷமீம். அது பாட்டு இல்ல," என்றேன்.

நீ கோபப்படவில்லை. "கேட்டாவது பாருங்க," என்று போனில் அனுப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து உன் வீட்டிலிருந்து வந்த பிறகுதான் அந்த மெட்டைத் திறந்தேன். 'தன தன்ன தன தன்ன தானா' என்று உன் குரல். இரண்டாவது வரியில் பாதியில் நிறுத்தி, ஒரு கணம் விட்டு, மறுபடி தொடங்கியிருந்தாய். நீ அழுவதுபோல எனக்குக் கேட்டது. அன்றே எழுத உட்கார்ந்தேன். 'நினைவே' என்றும் 'நிழலே' என்றும் ஏதேதோ வந்தது. பாடிப் பார்த்தால் ஒரு வரிகூட நிற்கவில்லை. எனக்கு எழுதத் தெரியாது என்று ஐம்பது வயதை நெருங்கும்போது தெரிந்துகொண்டேன்.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? கோடம்பாக்கத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கிற பாட்டெழுதும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சொல்லித்தருகிறவள் தேன்மொழி. என் வயதில் பாதிதான் இருப்பாள். சினிமாப் பாட்டுக்குப் பின்னணியில் கோரஸ் பாடுகிறவள். முதல் நாளே உன் மெட்டைக் கேட்டுவிட்டு, என் காகிதத்தை வாங்கிப் பாடிக் காட்டினாள். நீ நீட்டிப் பாடிய இடத்தில் நான் 'நம்பிக்கை' என்று எழுதியிருந்தேன். 'க்'கில் போய் அவள் குரல் முட்டிக்கொண்டது.

"அக்கா, 'க்'க இழுக்க முடியுமா? தொண்டதான் வலிக்கும். இழுக்கற எடத்துல ஆ, ஓன்னு வாயத் தொறக்கற மாதிரி ஒண்ணு குடுங்க," என்றாள். "வார்த்தய அப்புறமா பாத்துக்கலாம். மொதல்ல அவங்க எங்க மூச்சு வாங்கறாங்கன்னு கேளுங்க."

மூன்று மாதம் வெறுமனே கேட்டேன். ரயிலில், சமையற்கட்டில், லஸ் சிக்னலில். குறில் விழும் இடம், நெடில் நிற்கும் இடம் எல்லாம் விரலுக்கே பழகிவிட்டது. அப்புறம் எழுதியதெல்லாம் மெட்டில் சரியாக உட்கார்ந்தது. ஆனாலும் பாட்டாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் யூசுப்பிடம் அதைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே தைத்தவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"இன்னாக்கா, இவ்ளோ சோகமா எழுதிக்கினு கீறீங்க? அது சோகப் பாட்டே இல்லையே."

"பின்ன?"

"நீங்க தெனம் லேட்டா வந்து, ஸ்டேஷன் படியில தபதபன்னு ஓடியாருவீங்களாமே. அதப் பாத்து ஷமீம் போட்டது. மாவு கரைக்கும்போதுலாம் பாடிச் சிரிக்கும். நடுவுல நிக்குது பாருங்க, அது நீங்க மூச்சு வாங்கற எடமாம்."

ஷமீம், அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் சிரித்தேன், எப்போது அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. யூசுப் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றார். இத்தனை மாதம் உன் மெட்டில் என் துக்கத்தைத்தான் கேட்டிருக்கிறேன். உன்னைக் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய காகிதங்களை ஒதுக்கினேன். ஒரே மாலையில் பல்லவி வந்துவிட்டது.

படி ரெண்டு படி ரெண்டு தாவி
வரும் வண்டி... விட மாட்டேன்
எடம் வச்சு வழி பாக்கும் தோழி
கதவோரம்... நகராதே

போன வாரம் உன் வீட்டுக் கூடத்தில் ரிஸ்வானா இதைப் பாடினாள். தேன்மொழி கீபோர்டோடு வந்திருந்தாள். 'வரும் வண்டி' என்று நிறுத்தி, என்னைப் பார்த்து வேண்டுமென்றே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள் உன் மகள். யூசுப் விழுந்து விழுந்து சிரித்தார். நீ போன பிறகு அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம் கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்யப் போகிறோம். "யார் பேர மொதல்ல போடணும்க்கா?" என்று தேன்மொழி கேட்டாள். மெட்டுதானே முதலில் வந்தது, உன் பெயரையே போடச் சொன்னேன்.

உன் போனில் இருந்த மற்ற மெட்டுகளையும் யூசுப் என்னிடம் கொடுத்துவிட்டார். நேற்று ஒன்றைத் திறந்தேன். அது எதைப் பற்றியது என்று இன்னும் பிடிபடவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை. ஷமீம், எத்தனை நாளானாலும் ஒவ்வொன்றிலும் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உனக்கு அக்காவும்
உன் ரிஸ்வானாவுக்குப் பெரியம்மாவுமான
லதா