உறவுமுறைக் கட்டத்தில் நீ எழுதியது

லேமினேஷன் பிளாஸ்டிக் சூடாகும் வாசனை உன் கடையில் இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேராக அங்கேதான் போனேன். உன் மனைவி யாரோ ஒரு தறிக்காரரின் நெசவாளர் அட்டையை மெஷினில் விட்டுக்கொண்டிருந்தாள். பேங்க்கில் கொடுக்க என் புது பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கெடச்சிடுச்சா அண்ணே? சந்தோஷம்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஊரில் பாதிப் பேருடைய மனுக்கள் உன் கையெழுத்தில்தான் போயின. நான் வெளிநாடு போன முதல் பாஸ்போர்ட்டுக்கும் நீதான் எழுதினாய். உனக்கு முடியவில்லை என்றதும் கிளம்பி வந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் வார்டுக்குள் கூட இருக்க ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான் பாஸ். நான் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்தேன். மூக்கில் குழாயோடு கையை நீட்டினாய்.

"பேனாவ குடு. ஊருக்கே எழுதிகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

உறவுமுறை என்ற கட்டத்தில் தம்பி என்று எழுதினாய். "யாராச்சும் கேட்டா?" என்றேன். நீ என்னைவிட நாலு மாதம்தான் பெரியவன். "கேக்கறவன்கிட்ட நான் பேசிக்கறேன், நீ போய் டீ வாங்கினு வா" என்றாய்.

உன்னைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். பதினாறாம் நாள் காரியம் முடித்துத்தான் திரும்பினேன். மொத்தம் ஐம்பது நாள்.

நிரந்தரக் குடியிருப்பு அட்டையோடு அங்கே ஆறு வருடம் ஓட்டிவிட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். நாட்டுக்கு வெளியே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் காரணமும் ஆதாரமும் கேட்டார்கள். அந்த ஐம்பது நாளுக்கு ஆஸ்பத்திரி பாஸை வைத்தேன். நம் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் இந்த மடத்தனத்தைச் செய்ய மாட்டான். பாஸில் நான் உன் தம்பி. குடும்பப் பட்டியலில் நான் என் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர் யார் என்று கேட்டார். சிநேகிதன் என்றேன். சிநேகிதனுக்காக ஐம்பது நாளா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே போவதில்லை. பொய்த் தகவல் என்று முடிவானால் விண்ணப்பத்தோடு இருக்கிற அட்டையும் போகலாம் என்றார். பேசிக்கொள்ள நீ இல்லை.

விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் வழி சொன்னான். 'இவர் எனக்கு எந்த உறவும் இல்லை, தம்பி என்று குறித்தது பிழை' என்று நான் எழுதித் தர வேண்டும். உன் வீட்டிலிருந்தும் ஒரு கடிதம் வேண்டும். கூசிக் கூசி உன் மனைவிக்கு போன் செய்தேன்.

"அதுக்கு இன்னா அண்ணே, சொல்லுங்க, நானே டைப் பண்ணி அனுப்பறேன்" என்றாள். நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். "எந்த உறவும் இல்லை... ம், அடுத்து சொல்லுங்க அண்ணே."

நான் அங்கேயே போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. என் மனைவிக்கும் மகளுக்கும் ஏற்கெனவே குடியுரிமை கிடைத்திருந்தது. என்னை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றே வாரத்தில் அனுமதி வந்தது. உறுதிமொழி எடுத்தோம், கை தட்டினார்கள், ஆளுக்கொரு சின்னக் கொடி கொடுத்தார்கள். அந்த அதிகாரிமேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். நீ எழுதியது உண்மை, அதைப் பொய் என்றார்கள். அத்தனை காகிதத்திலும் நான் சொன்ன ஒரே பொய் நீ எனக்கு யாருமில்லை என்பதுதான். அதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்கள். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டுதான் அங்கே குடிமகனாக இருக்கிறேன்.