சங்கு ஆமையானது குற்றமன்று

மழை தவறாது பொழிக. எல்லைக் காவல் யானைகள் நோயின்றி நிற்க. ஏழு மலையும் இரண்டு ஆறும் உடைய ஆனைமடு நாட்டை ஆளும் கொற்றநங்கையாகிய நாம், எம் அன்னையின் உடன்பிறந்தாரும் தென்கரைக் கோட்டைக் காவல் தலைவருமாகிய மாறம்பூதனார்க்கு விடுக்கும் ஓலை. அம்மான், உம் கோட்டையும் குடியும் காய்ச்சல் நீங்கி வாழ்க.

பொதிகள் கைமாறும் மும்முனைச் சாவடியைக் காக்கும் சாத்தி என்பவளைச் சிறையிட்டீர் என்றும், முழுநிலவு நாளில் அவள் வலக்கையைத் துணிக்க ஆணையிட்டீர் என்றும் கேள்வியுற்றோம். தலைநகரிலிருந்து உமக்கு வந்த மருந்துப் பொதி அவள் சாவடிக்குள் நுழைந்தபோது சங்குக்குறி தாங்கியிருந்தது. வெளியேறியபோது ஆமைக்குறி தாங்கியிருந்தது. உம் வீரர் இதைக் கண்டுவந்து சொல்ல, அரசின் குறியை மாற்றியவள் மருந்தையும் மாற்றியிருப்பாள் என்று தீர்ப்பிட்டீர். கோபம் வந்தால் நீர் எவர் சொல்லையும் கேட்பதில்லை என்பது உம் மடியில் வளர்ந்த எமக்குத் தெரியும். ஆயினும் இன்று கேளும்.

எம் தந்தையார் காலத்தில் ஒவ்வொரு சாவடியிலும் பொதியை இறக்கி, பெறுவோர் பெயரும் ஊரும் முழுதும் படித்து, எந்தச் சாலை நலம் என்று வாதிட்டபின்பே மேலே அனுப்பினர். பல ஊர்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்தபோது குடிப்பதற்கு ஆளில்லை. ஆகவே முறையை மாற்றினோம். இப்போது தலைநகரின் தலைவாயிலில் ஒரே ஒருமுறை முகவரி படிக்கப்படுகிறது. ஒரே திசைக்கு, ஒரே விரைவோடு போக வேண்டியவை எல்லாம் ஓரினமாகக் கொள்ளப்பட்டு ஒரே குறி பெறுகின்றன. உப்பு காத்திருக்கலாம், மருந்து காத்திராது. அதன்பின் இடைச்சாவடியில் எவரும் முகவரியைப் படிப்பதில்லை. மும்முனைச் சுவரில் ஒரு கற்பலகை உண்டு. சங்கு வந்தால் ஆமையாக மாற்றிக் கிழக்கு வாயிலில் விடுக என்பது அதில் உள்ள கட்டளை. அடுத்த சாவடிக்கு ஆமைதான் தெரியும். சங்கென்றால் அங்கே வேறு பொருள். ஒரு குறி இரண்டு சாவடிகளுக்கு இடையே மட்டும் பேசும் மொழி. அதை மாற்றாமல் விட்டிருந்தால்தான் சாத்தி குற்றவாளி.

இம்முறையை ஏற்படுத்திய நாமே ஒருநாள் மும்முனைக்குச் சென்று, எவரும் அறியாமல் வணிகரோடு வணிகராய் அமர்ந்து பார்த்தோம். பொதி வந்தது, சாத்தி குறியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பழையதைக் கழற்றிப் புதியதைக் கட்டினாள், கழுதை நின்று மூச்சு வாங்குமுன் பொதி போய்விட்டது. அது எங்கே போகிறது என்று கேட்டோம். தனக்குத் தெரியாது என்றும், அடுத்த சாவடிவரை மட்டுமே தெரியும் என்றும் சிரித்தபடியே விடையிறுத்தாள். அம்மான், இதை எண்ணிப் பாரும். முழுவழி அறிந்தவர் அச்சாலையில் ஒருவரும் இல்லை. ஆயினும் ஒரு பொதியும் வழி தவறவில்லை. அரியணையில் அமர்ந்து எல்லாம் அறிந்ததாக எண்ணியிருந்த நாம், அன்று அவளிடம் பாடம் கற்றோம்.

அவள் மாற்றியதாக நீர் சொல்லும் அம்மருந்தைக் குடித்தே உம் பேரன் எழுந்து கஞ்சி கேட்டான் என்று உம் முந்தைய ஓலையில் நீரே எழுதியிருந்தீர். அதை மறந்தீரோ? அவளைச் சிறையிட்ட நாள்முதல் மும்முனை பூட்டிக் கிடக்கிறது. அதனால் இவ்வோலையே மலையைச் சுற்றி வேறு சாவடிகள் வழியாக வருகிறது.

ஆதலால் நாம் இடும் கட்டளை இது. இவ்வோலை கண்டவுடன் சாத்தியை விடுவித்து, நீரே அவளை மும்முனைக்கு அழைத்துச் சென்று, சாவடித் திறவுகோலை அவள் வலக்கையில் கொடுப்பீராக. ஒரு பகல் அங்கே அமர்ந்து பார்த்துவிட்டு வருவீராக.

இன்னும் ஐயம் உண்டெனில், இவ்வோலைப் பொதியைப் பாரும். கடைசிச் சாவடியில் குறியைக் கழற்றுவது வழக்கம். இம்முறை மட்டும் கழற்ற வேண்டாமெனப் பணித்தோம். நாம் கட்டி அனுப்பியது மயிற்குறி. இப்போது அதில் தொங்குவது எதுவென்று நாம் அறியோம். குறி மாறியதால் பொருளும் மாறிற்று என்பீராயின், இது எம் ஓலையன்று; கிழித்தெறியலாம். அவ்வாறன்று எனில், சிறைக்கதவைத் திறவும்.

நீர் பிரித்த யானை முத்திரையைப் பாரும், உம் கைக்கு வரும்வரை அது உடையாதிருந்திருக்கும். முத்திரை எம்முடையது. அதன்மேல் தொங்கும் குறியைக் கட்டிய கை எவருடையதோ, அவர்க்கு எம் வணக்கம்.