மூக்கில்லாத கெட்டில்

ஐயம்பேட்டை,
ஆவணி 12.

அன்பு மகள் அபிநயாவுக்கு,

அம்மா துளசி எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்குக் குமரகோட்டத்தில் அர்ச்சனை செய்தேன். ஃபோனில் சொன்னால் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம். ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்க்கும் நம் பக்கத்து வீட்டுக் கீர்த்தி அடுத்த வாரம் நீ இருக்கும் ஜப்பானுக்கே பயிற்சிக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கென்ஜியின் அம்மா அனுப்பிய இரும்புக் கெட்டில் வந்ததைச் சொன்னேன். பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. நூறு வருஷமாக அவர்கள் வீட்டுத் தேநீர்ச் சடங்குக்கு வெந்நீர் காய்ச்சியது என்றாய். பார்த்தால் அதற்கு மூக்கே இல்லை, பலாப்பழத் தோல் மாதிரி உடம்பெல்லாம் முள். உள்ளே அடியில் ஏதோ கருப்பாக ஒட்டியிருந்தது. கசடு என்று நினைத்துக் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். மூன்று இரும்புத் துண்டுகள் பெயர்ந்து வந்துவிட்டன. சம்பந்தி வீட்டுச் சீரைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து உன்னோடு பேசாதவர், அந்தக் கெட்டிலைப் பரணில் போடச் சொன்னவர் உன் அப்பா. வேறு வழியில்லாமல் அவரிடமே காட்டினேன். துண்டுகளை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது கசடு இல்ல துளசி. எவனோ வேணும்னேதான் வச்சிருக்கான். இன்னாத்துக்குன்னு தெரியாம நான் வெல்டிங் வைக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் கீர்த்தியைக் கூப்பிட்டு கென்ஜிக்கு வீடியோ கால் போடச் சொன்னார். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எல்லோருக்கும் கண்டிப்பு. அந்தத் துண்டுகள் இருந்தால்தான் தண்ணீர் காயும்போது கெட்டில் பாடுமாம். நெருப்பால் ஒட்டக்கூடாது என்று சொல்லி, சூட்டுக்கு இளகாத ஒருவித அரக்கைக் கென்ஜி பார்சலில் அனுப்பினான். நான் செய்ததைக் கேட்டு அவன் அம்மா சிரித்தாராம். கல்யாணமான புதிதில் அவரும் சுரண்டியிருக்கிறாராம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா பொறுமையாக ஒட்டிக் காயவைத்து, கரி அடுப்பில் ஏற்றினார். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில், தூரத்தில் மழை வருவது போல ஒரு சத்தம். அன்று தன் வெல்டிங் பட்டறைக்கே போகவில்லை. வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, "பேசாம கேளுபா" என்றார். நான் அந்த வெந்நீரில் நம் டீத்தூளைப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் அப்பாவும் கென்ஜியும் பேசுகிறார்கள். கீர்த்திக்கு ஷிப்ட் இருந்தாலும் விடுவதில்லை. இவர் தமிழ், அவன் ஜப்பான் பாஷை. இவர் கேட்பதைப் பார்த்து அவனும் இவரிடம் "சாப்டியாபா" என்கிறான். இவர் திருத்துவதில்லை, சிரிக்கிறார்.

நேற்று ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். பயந்துபோனேன். அப்பாவின் பாஸ்போர்ட் விசாரணையாம். என்னிடம்கூடச் சொல்லாமல் எழுதிப் போட்டிருக்கிறார். எதற்கு வெளிநாடு என்று போலீஸ்காரர் கேட்டார். "பொண்ணு கல்யாணத்துக்கு" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

காமாட்சி உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். கண்ணே, நீயே ஒருமுறை அவருக்கு ஃபோன் போடு. முதலில் எடுக்கமாட்டார். வைத்துவிடாதே, மறுபடியும் போடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா.