பெயர் வாசிக்காத படகு

பழவேற்காடு,
12-11-1956

அருமை மகன் சிராஜுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் ரஹ்மத்தால் நானும் வாப்பாவும் தம்பி ஹனீபும் இருக்கிறோம், பினாங்கில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை மகனே.

நீ அனுப்பிய பணத்தில் ஹனீப் மைக்கும் பெட்டியும் வாங்கி நம் மாடியறையில் ஊர் ரேடியோ ஆரம்பித்தான் அல்லவா, கம்பி இழுத்துப் பள்ளிவாசல் தெருவில் ஒன்றும் குப்பத்தில் ஒன்றுமாக ஒலிபெருக்கிக் குழாய் கட்டினான். காலையில் பத்திரிகைச் செய்தி, இறால் விலை, புயல் எச்சரிக்கை எல்லாம் வாசிப்பான். சாயங்காலம் முகத்துவாரம் தாண்டித் திரும்பிய படகுக்காரர்களின் பெயரை வாசிப்பான். தன் புருஷன் பெயர் காதில் விழுந்த பிறகுதான் குப்பத்துப் பெண்கள் உலை வைப்பார்கள், அப்படி ஒரு வழக்கமே ஆகிவிட்டது. ஆனால் பேட்டரியை வாரா வாரம் பொன்னேரிக்கு பஸ்ஸில் கொண்டுபோய் சார்ஜ் ஏற்ற வேண்டும், லைசென்ஸ் கட்ட வேண்டும், வாப்பாவோ கடையிலிருந்து ஒரு தம்பிடி தரமாட்டேன் என்றுவிட்டார். படகுக்கு வாரம் இரண்டணா என்று ஹனீப் கேட்டான். சிலர் கொடுத்தார்கள், சிலர் நாளைக்கு நாளைக்கு என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காற்று பேயாக அடித்தது. போன படகு பதின்மூன்று, ஹனீப் வாசித்தது பன்னிரண்டு பெயர். அன்று போனவர்களில் காசு பாக்கி வைத்திருந்தவன் தேசப்பன் ஒருவன்தான், அவன் பெயரை வாசிக்கவில்லை. அவன் நல்லபடியாகத் திரும்பி, கிழிந்த பாயைத் தைக்க எதிர்க்கரையில் படகை ஒதுக்கியிருந்தான், அது ஹனீபுக்கும் தெரியும். அவன் பெண்சாதி அஞ்சம்மாளுக்குத் தெரியாதே. எட்டு மாதம், வாயும் வயிறுமாக இருப்பவள், மற்ற வீடுகளில் அடுப்புப் புகைவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் முகத்துவாரத்துக்கு ஓடித் தண்ணீரில் இறங்கிவிட்டாள். இரண்டு பேர் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். உயிர் இருக்கிறது, ஜுரம் விடவில்லை. மருத்துவச்சி முத்தம்மாளிடம் கேட்டேன், "புள்ள அசையறது கொறஞ்சிகினே வருது, இன்னா ஆவும்னு சொல்ல முடியலைம்மா" என்கிறாள். தேசப்பன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. வாசலில் வந்து நின்று, "ரெண்டணாவுக்கா எம் பேரை முழுங்கினே?" என்று ஹனீபிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

நாளைக் காலையில் குப்பத்தில் பஞ்சாயத்து. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஹனீபை ஊரில் வைக்கமாட்டார்கள் என்று பேச்சு. வாப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தார், காரணம் கேட்டார், நான்தான் வாசிக்கலை என்பதைத் தவிர அவன் வேறு பேசவில்லை. மகனே, வாசிக்காதே என்று சொன்னது நான். புதன்கிழமை பேட்டரிக்காக நீ கொடுத்த கைக்கடிகாரத்தை அவன் விற்கப் போனான், எனக்கு வயிறு எரிந்தது. "காசு குடுக்காதவன் பேரை இன்னாத்துக்குடா வாசிக்கிறே, ரெண்டு நாள் வுட்டுப் பாரு, தானா ஊடு தேடி வருவான்" என்றேன். மாட்டேன் என்றவனைத் திட்டிப் பணிய வைத்தேன். நானும் ஒரு பெண்தானே, புருஷன் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டு நிற்பவளை ஏன் நினைக்காமல் போனேன்?

நாளை துப்பட்டியைப் போட்டுக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும், வாப்பாவின் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சம்மாளுக்காக துஆ கேள். தொழுகையை விடாதே, மழை நாளில் படகு ஏறாதே, அல்லாஹ் உன்னைக் கண்போலக் காப்பான். நான் சொல்லிவிட்டேன் என்று, இது கிடைத்துப் பத்து நாளில் என்னிடமிருந்து வேறு கடிதம் வராவிட்டால், இந்தக் கடிதத்தை அப்படியே வாப்பா பெயருக்கு அனுப்பிவிடு. மறந்துவிடாதே.

உன் உம்மா,
மரியம் பீவி