ஒயர் கேசட்டில் மிச்சமிருக்கும் கதை

மைனி,

நேற்று தென்காசியில், காருக்கு ஸ்டீரியோ மாட்டும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் சரியாக வரவில்லை, பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். கடைக்காரத் தம்பி நம் பழைய செட்டுக்குள் விரலை விட்டு, ஒயர் வைத்த அந்தக் கேசட்டை வெளியே எடுத்தார். கூடவே மடித்த திருநீற்றுத் தாள் ஒன்றும் வந்து விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். திருநீறும் தேங்காய் எண்ணெயும் கலந்த உங்கள் கை வாசம். கடை என்றும் பாராமல் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, இதத் தூரப் போட்டுட்டு புளூடூத் செட்டு மாட்டிருவோம். இதுல ஒரு நேரம் கேக்கும், ஒரு நேரம் கேக்காது" என்றார் அவர். அது எனக்குத் தெரியாதா? எங்கே தட்டினால் கேட்கும் என்பது வரை தெரியும்.

என் மார்பில் கட்டி என்று தெரிந்து, மருந்து ஏற்ற அடிக்கடி திருவனந்தபுரம் போய்வர வேண்டும் என்று ஆனபோது, வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நீங்கள் மட்டும் அண்ணனிடம் கார் சாவியைக் கேட்டீர்கள். "அழுததெல்லாம் போதும். நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்." நாத்தனாருக்காக மலைப்பாதையில் கார் ஓட்டும் மைனி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வழியில் நான் வாயைத் திறக்காமல் வந்தால் உங்களுக்குப் பொறுக்காது. அச்சன்புதூரில் உங்கள் பிறந்த வீட்டுக் கோயில் கொடைத் திருவிழாவில் போனில் பதிந்த வில்லுப்பாட்டுகள் உங்களிடம் நிறைய இருந்தன. காரிலோ கேசட்டும் ரேடியோவும்தான். போனில் இருப்பதை ரேடியோ வழியாகக் கேட்க வைக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வந்து, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினீர்கள். தென்காசியில் எந்த நிலையமும் வராத இடமாகப் பார்த்து ரேடியோ முள்ளைத் திருப்பி வைத்தீர்கள். செங்கோட்டை வரை பாட்டு கணீரென்று கேட்டது. புளியரை தாண்டி மலை ஏறியதும் அதே இடத்தில் மலையாள ரேடியோ புகுந்துகொண்டது. கதையில் சாமி கோபமாக வாயைத் திறக்கிற நேரம், வந்தது நகைக்கடை விளம்பரம்.

"ஏட்டி, நம்ம சாமி என்ன சொல்லுதாரு?"

"வளையல் வாங்கச் சொல்லுதாரு மைனி."

கட்டி என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த முறை இந்த ஒயர் கேசட்டோடு வந்தீர்கள். ஒயரின் நுனி போனில், கேசட் செட்டுக்குள். தேய்ந்துபோன செட் அதைத் துப்பித் துப்பித் தள்ளியது. கைப்பையில் கிடந்த கொடைத் திருநீற்றுத் தாளை மடித்து இடுக்கில் சொருகினீர்கள். அதன் பிறகு மலையாள ரேடியோவின் பாச்சா பலிக்கவில்லை.

ஆனால் மருத்துவமனை வாசல் வந்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள். கதை எந்த இடத்தில் நின்றாலும் சரிதான். "ஒரு நிமிஷம் மைனி" என்று கெஞ்சுவேன்.

"மிச்சத்தத் திரும்பி வரும்போது கேப்போம். எறங்குட்டி."

முதலில் எரிச்சலாக வந்தது. ஆனால் மருந்து ஏறுகிற நேரமெல்லாம் என் மனசு ஊசியை விட்டுவிட்டு அந்தச் சாமியின் பின்னால் போனது. வாந்தியும் மயக்கமுமாக வந்து காரில் சாய்வேன். நீங்கள் சொன்ன சொல் மாறாமல் ஒயரைச் செருகுவீர்கள். பின்பாட்டுக்காரர்களோடு சேர்ந்து நீங்களும் ஒவ்வொரு அடிக்கும் "ஆமா" போடுவீர்கள். குற்றாலம் வழியாக வந்து, சாரலில் கண்ணாடியை இறக்கிவிடுவீர்கள். அருவியில் குளிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றால், "சாரல் படக் கூடாதுன்னு சொல்லலல்லா" என்பீர்கள். முடி கொட்டிய தலையில் அந்தத் தூறல் விழுந்த சுகத்தை என்னவென்று சொல்ல!

கடைசித் தடவை, கட்டி போய்விட்டது, இனி பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். வழியெல்லாம் நாம் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டே வந்தோம். கதையின் மிச்சம் நினைவுக்கே வரவில்லை. அடுத்த சாரலுக்குள், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு வரும் என்று எல்லோரும் பயந்தது உங்களுக்கு வந்தது. பெரிய அநியாயம் மைனி அது.

அண்ணன் காரை எனக்கே கொடுத்துவிட்டார். ஓட்டக் கற்றுக்கொண்டேன். நாளை வருஷப் பரிசோதனை. முதல் தடவையாக மலைப்பாதையில் நானே ஓட்டிப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, மலையை நினைத்து அல்ல.

"உள்ளயே வச்சுக் குடுங்க தம்பி, அந்தத் தாளையும் சேத்து" என்றேன் கடைக்காரரிடம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, துடைத்து மாட்டிக் கொடுத்தார்.

அந்தக் கதை இப்போது என் போனில் இருக்கிறது. மிச்சத்தை இதுவரை கேட்கவில்லை. நாளை நாம் நிறுத்திய இடம் வரைக்கும் கேட்பேன். மருத்துவமனை வாசலில் நானே ஒயரைப் பிடுங்கிவிட்டு இறங்குவேன். உள்ளே என்ன சொன்னாலும் சொல்லட்டும். மிச்சத்தைக் கேட்க நான் திரும்பி வந்துதானே ஆகவேண்டும், மைனி?