பாத்தித் தண்ணீரில் கொடுவா

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே அனல். காற்று அசையவில்லை. தொட்டி 1-இல் மூன்று, தொட்டி 2-இல் நான்கு. எல்லா மீனும் வயிறு மேலாக.

செய்ய வேண்டியவை: செத்ததைப் புதைப்பது. காற்று மோட்டாருக்கு டியூப் மாற்றுவது. கைடு சாருக்குப் போன் (நாளைக்கு).

எத்தனை பேர் கேட்டாயிற்று, என்ன ஆராய்ச்சி என்று. நல்ல தண்ணீரில் வளர்ந்த கொடுவா மீன் குஞ்சைக் கடல்நீருக்கு மாற்றினால் அதன் ரத்தத்தில் புரதம் என்ன ஆகிறது. இவ்வளவுதான். குளிர்நாட்டு ட்ரவுட் மீனில் பார்த்திருக்கிறார்கள். கடல்நீர் மீனின் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். ரத்தம் கெட்டியாகும், புரத அளவு ஏறும். பிறகு மீன் கடல்நீரைக் குடிக்கப் பழகும், உப்பைச் செவுள் வழியே தள்ளும், அளவு இறங்கும். எனக்கு வேண்டியது அந்த இறக்கம். என் மீன்களுக்கு ஏறுகிறது. இறங்குவதற்குள் செத்துப்போகின்றன.

உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. இதுதான் கடைசிக் குஞ்சுகள்.

கடலைப் பற்றி எத்தனையோ நாவல் படித்திருக்கிறேன். ஒன்றில்கூடத் தாகமெடுத்த மீன் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

தொ.1-இல் இன்னும் இரண்டு. தொ.3 நலம். அது நல்ல தண்ணீர்த் தொட்டி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அந்த மீன்கள் தின்பதைப் பார்த்தாலே எரிச்சல்.

என் கையை மோந்து பார்த்து அம்மா, "என்னாடி, லேபுல பிரியாணி ஆக்குனியா?" ரத்தம் எடுக்க மீனை மயக்கக் கிராம்பு எண்ணெய் ஊற்றுகிறேன் என்று ஆயிரம் முறை சொல்லியாயிற்று. கறி தொடாத தவக்காலத்தில் இவ்வளவு மீனை மண்ணில் புதைக்கிறவள் நான் ஒருத்திதானாம், குழம்புக்காவது ஆகுமாம்.

சார் போனில் சுருக்கமாக: "ஏறிச்சு இல்ல? அதையே ரிசல்ட்டா எழுதும்மா. செத்தது போவட்டும்." கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் ஏற்கெனவே அனுப்பிவிட்டார். என் பேர் இரண்டாவது.

சாப்பிடவில்லை.

மார்ச் 12, வியாழன்

வரிசையாக எழுத வேண்டும்.

தொட்டிகள் இருக்கும் ஷெட்டுக்கும் அருள் மாமாவின் உப்புப் பாத்திக்கும் நடுவில் ஒரு வரப்புதான். கடலுக்குப் போய்த் தண்ணீர் எடுக்க வண்டி வேண்டும். அதனால் முதலிலிருந்தே மாமாவின் பாத்தித் தண்ணீரை வாங்கி, நல்ல தண்ணீர் கலந்து, உப்பு மீட்டரில் கடல் அளவு காட்டும்வரை நீர்க்க வைத்தேன். சாரும் சரி என்றார். பல இடங்களில் செய்வதுதான்.

இன்று இன்னொரு டிரம் கேட்டுப் போனேன். பாத்தி ஓரம் புதிதாக வாரிய உப்புக் குவியல்.

"கரெக்டா வந்த. நேத்துதான் வாரி முடிச்சோம். இப்பதான் ஒனக்குத் தண்ணி."

எப்போதும் வாரிய பிறகுள்ள தண்ணீர்தானா என்று கேட்டேன்.

"பின்ன? அதுக்கு முன்னாடி எப்பிடி குடுப்பேன்? உப்பாவ வேண்டிய தண்ணியாச்சே."

விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு.

உப்பெல்லாம் படிந்துவிட்ட பிறகு மிஞ்சும் தண்ணீர். முழுக்க மக்னீசியம், கால்சியம் பெயருக்குக்கூட இல்லை, மீன் தாங்காது. மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சின்ன வயதில் விளையாட்டில் தோற்றவர் வாயில் இந்தத் தண்ணீரைத்தான் தொட்டு வைப்போம். நானும் துப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் மாதக்கணக்காக மீனை இதில் நீந்த விட்டிருக்கிறேன்.

அந்த ஏற்றம் கடலுக்குப் பழகும் ஏற்றம் இல்லை. சாகிற ஏற்றம். எல்லா ரீடிங்கும்.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போகவில்லை. மாமாவின் டிராக்டரில் டிரம் ஏற்றிக் கடற்கரைக்கு. அலையைத் தாண்டி இறங்கி மாமாவே மொண்டார், வேட்டியெல்லாம் ஈரம். வழி நெடுக ஒரே கேள்வி. "நான் வெஷத்தயா குடுத்துட்டேன்?" இல்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்ப.

தொ.1, தொ.2-இல் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. தொ.3 மீன்களைப் பாதியாகப் பிரித்தேன். ஒரு பாதி நல்ல தண்ணீரிலேயே. மறு பாதியைக் கடல்நீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறேன். இதற்கு மேல் மீன் கிடையாது.

மார்ச் 14, சனி

சாரிடம் சொன்னேன்.

"எல்லா ரீடிங்கும் தப்புன்றியா?"

"ரீடிங் சரி சார். அது கடல் தண்ணி இல்ல."

"யாருக்கும்மா தெரியப் போவுது?"

சுருக்கத்தைத் திரும்ப வாங்கச் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமைக்குள் ஷெட்டைக் காலி செய்து தரவேண்டும், வேறு ஒருவர் வருகிறார் என்றார். கோபம்கூட இல்லாத குரல்.

தைரியம் என்று எழுதிக்கொண்டால் பொய். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான்.

மார்ச் 16, திங்கள்

வெயில். கண் எரிச்சல். மீன்கள் முழுக் கடல்நீருக்கு வந்துவிட்டன. முதல் ரத்தம் எடுத்தேன்.

புரதம் ஏறியிருக்கிறது. முன்பு போலவே.

தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்று மூலையில் அசையாமல் நின்றது, செவுள் மட்டும் வேகமாக. செத்துத் தொலையேன் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். இதுவும் போய்விட்டால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அம்மா சோறு கொண்டுவந்தாள். பிசைந்து வைத்துவிட்டுப் போனாள். என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

இறங்கியிருக்கிறது.

மறுபடி செய்தேன். இறங்கியிருக்கிறது. நல்ல தண்ணீர் மீன்களின் அளவுக்குக் கிட்டத்தட்ட. மூலையில் நின்றதும் தின்கிறது.

சார் போனை எடுக்கவில்லை. மூன்று முறை.

ஒரு தடவை இறங்கியதை யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், ஏறாமல் நிற்கிறது என்று காட்டவேண்டும். சனிக்கிழமை ஷெட் இல்லை.

சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

மார்ச் 21, சனி

ஷெட் காலி. மாமா மீனைக் கழிமுகத்தில் விட்டுவிடலாம் என்றார். அம்மாதான்: "நம்ம வூட்டுத் தொட்டியில உடுடி. குளிக்கறதுக்கு நான் பைப்புல புடிச்சிக்கறேன்." காலையிலேயே தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். சோப்பு போட்டாயா என்று கத்தினேன். "எனக்குத் தெரியாதா, போடலடி."

டிராக்டரில் இரண்டு நடை கடல்நீர். ஒன்றும் சாகவில்லை. காற்று மோட்டாருக்குச் சமையலறையிலிருந்து ஒயர். நல்ல தண்ணீர் மீன்கள் துணி துவைக்கும் டிரம்மில்.

மாலை மூன்றரைக்குக் கரண்ட் போயிற்று. எங்கோ கம்பி அறுந்துவிட்டதாம், எப்போது வரும் என்று தெரியாதாம். தொட்டியில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. செம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், காற்று கலக்கட்டும் என்று. அம்மா கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். இப்போது அவள் முறை, அதனால் எழுதுகிறேன். தோள் கழன்றுவிடும் போல. அவளுக்கு எப்படி இருக்கும்.

கூப்பிடுகிறாள்.